முடக்குவாதம்: மூட்டு கோணுவதற்கு முன் செய்ய வேண்டியவை

காலையில் எழுந்ததும் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை, பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக் கத்தரிக்கோல் பிடிபடவில்லை, ரவிக்கைக் கொக்கியைப் போட விரல்கள் மடங்கவில்லை, ஆனால் பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகிவிடுகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், வயதாகிவிட்டது என்றோ வேலை அதிகம் என்றோ சொல்லி அதை ஒதுக்கிவிடக் கூடாது. முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் நம் ஊர்களில் அழைக்கப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். எந்த வயதிலும் வரலாம் என்றாலும், குடும்பப் பொறுப்புகள் உச்சத்தில் இருக்கும் 30 முதல் 60 வயதுக்குள் பலரைப் பிடிக்கிறது. அதனால்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும் வழக்கம் இந்த நோயில் மிகப் பெரிய கேடாக முடிகிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பையும் கோணிய விரலையும் எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த அரிப்பு நிகழாமல் தடுக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் அவற்றைத் தொடங்குபவர்களுக்கே அவை மிகுதியாகப் பயன்படுகின்றன. கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்தக் கால அவகாசத்தை வீணாக்காமல் இருப்பதற்காகவும், அதன்பின் பல்லாண்டுகள் மூட்டுகளைப் பேணுவதற்காகவும் சொல்லப்படுபவை.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

மூட்டுவலி எல்லாம் முடக்குவாதம் அல்ல. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் முழங்கால் தேய்மானத்தில், நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும். முடக்குவாதத்தில் நிலைமை தலைகீழாக இருக்கும். ஓய்வுக்குப் பிறகுதான் விறைப்பு மிகும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் அது நீடிக்கும். கையை அசைக்க அசைக்கத் தளரும். பெரும்பாலும் சிறிய மூட்டுகள்தான் முதலில் வீங்குகின்றன: விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரல்களின் நடு மூட்டுகள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிமூட்டுகள். வலது கையில் வந்தது சில வாரங்களில் இடது கையிலும் வரும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டில் மட்டும் வீக்கம் இருந்தால் அது வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே கவனிக்கக் கூடிய அடையாளம் ஒன்று உண்டு. யாராவது கைகுலுக்கும்போது முட்டிகள் பக்கவாட்டில் அழுந்துமே, அந்த அழுத்தத்தில் சுரீரென வலித்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதேபோல் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது, பாதத்தின் முன்பகுதியில் கூழாங்கல்லை மிதிப்பது போன்ற வலி பலருக்கு முதல் அறிகுறியாக இருக்கிறது. தொட்டால் மெத்தென்று இருக்கும் வீக்கம், காரணமில்லாத களைப்பு, பசியின்மை, இலேசான காய்ச்சல் ஆகியவையும் சேர்ந்து, இந்நிலை ஆறு வாரங்களைத் தாண்டினால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிகளில் இதோடு குழப்பிக்கொள்ளப்படும் நோய் சிக்குன்குன்யா. கொசுவால் பரவும் அந்தக் காய்ச்சல் போன பிறகும் கை, கால் மூட்டுகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அச்சு அசலாக முடக்குவாதம் போலவே வீங்கி வலிக்கும். ஆகவே வலி தொடங்கும் முன் காய்ச்சல் இருந்ததா, தெருவில் வேறு யாருக்கேனும் அப்படி வந்ததா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், மூன்று மாதங்கள் ஆகியும் வீக்கம் வடியாவிட்டால் எல்லாம் சிக்குன்குன்யாவின் மிச்சம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

உடம்புக்குள் நடப்பது

ஒவ்வொரு மூட்டின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மூட்டுக்குத் தேவையான வழவழப்பான நீரைச் சுரப்பது அதன் வேலை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், முடக்குவாதத்தில் இந்தச் சவ்வையே அயலானாகக் கருதித் தாக்குகிறது. வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து அழற்சியை ஓயாமல் தூண்டுகின்றன. மெல்லியதாக இருந்த சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதையும், அடியிலுள்ள எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. சுற்றிலும் உள்ள தசைநாண்களும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தளர்கின்றன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வதும், நடு மூட்டு உள்வாங்கி நுனி மடங்கிக்கொள்வதும் இந்தத் தளர்ச்சியின் விளைவுதான்.

ஏன் இப்படித் தாக்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பரம்பரைக் கூறு ஒரு பங்கு வகிக்கிறது. புகைபிடித்தல் நோய் வரும் வாய்ப்பையும் அதன் கடுமையையும் கூட்டுகிறது. ஈறுகளில் நெடுநாள் நீடிக்கும் அழற்சிக்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தாய்க்கு இருந்தது என்பதாலேயே மகளுக்கு வந்தே தீரும் என்று பொருளல்ல. குளிர்ந்த நீரில் துணி துவைத்ததாலும், பிரசவத்துக்குப் பின் பத்தியம் தவறியதாலும் இந்த நோய் வருவதில்லை. நோயுற்ற பெண்களின் மேல் இப்படிப் பழி சுமத்தும் பேச்சை வீட்டாரும் உறவினரும் அறவே விட்டுவிட வேண்டும்.

இது மூட்டோடு நிற்கும் நோயும் அல்ல. தொடர்ந்த அழற்சியால் இரத்தசோகை வருகிறது. இரும்புச்சத்து மாத்திரையால் மட்டும் அது சரியாவதில்லை. கண்ணும் வாயும் உலர்கின்றன. முழங்கை முனையில் வலியற்ற சிறு கட்டிகள் தோன்றலாம். மணிக்கட்டு வீக்கம் நரம்பை அழுத்தி விரல்களில் மதமதப்பை உண்டாக்கலாம். நுரையீரல் திசு தழும்பேறி மூச்சிரைப்பு வரலாம். எலும்பின் அடர்த்தி குறைகிறது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதும், புகையை விடுவதும் இந்நோயின் சிகிச்சைக்குள்ளேயே அடங்கும்.

பரிசோதனைகளும் அவற்றின் எல்லையும்

ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரைப் பார்ப்பதே சிறந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இயங்குகிறது. நிபுணர் அருகில் இல்லாத ஊர்களில், பொது மருத்துவரிடம் தொடங்கி, வீக்கம் தொடர்ந்தால் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அது பாசிட்டிவ் என்று வந்தாலே முடக்குவாதம் என்று ஆகிவிடாது. காசநோய், கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும், முழு நலத்தோடு இருக்கும் முதியவர் சிலருக்கும்கூட அது பாசிட்டிவாக வரும். அதேபோல் நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகளில் நால்வரில் ஒருவருக்கு, சற்று முன்பின்னாக, அது நெகட்டிவாகவே இருக்கிறது. ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டுமே தவிர எந்த நோய் என்று காட்டுவதில்லை. தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியலாம். எத்தனை மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, எவ்வளவு காலமாக, இரத்தத்தில் என்ன தெரிகிறது என்பவற்றை எல்லாம் சேர்த்து எடைபோட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். எனவே ஆய்வகத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தாமே முடிவு செய்வது இரண்டு வகையிலும் ஆபத்து.

மருந்துகள்

வலி மாத்திரைக்கும் நோயை அடக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி மட்டுமல்ல, அவரோடு வாழ்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக் போன்றவை வலியையும் விறைப்பையும் சில மணி நேரம் குறைக்கும். எலும்பு அரிக்கப்படுவதை அவை நிறுத்துவதில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் அவற்றையே விழுங்குபவர்களுக்கு, ஒருபுறம் விரல்கள் கோணிக்கொண்டே போக, மறுபுறம் குடற்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்கின்றன. நோயின் போக்கையே மாற்றுபவை வேறு மருந்துகள். அவற்றில் உலகெங்கும் முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட்.

இணையத்தில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று தெரியவரும். அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு 1940-களில் உருவாக்கிய மருந்துகளின் வரிசையில் வந்தது இது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. ஆனால் முடக்குவாதத்துக்குத் தரப்படும் அளவு மிகச் சிறியது: வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மி.கி. வரை. 1988-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்நோய்க்காக இதற்கு ஒப்புதல் அளித்தது. அன்றுமுதல் இன்றுவரை இதன் நன்மையும் தீமையும் நன்றாக அறியப்பட்டுள்ளன.

வாரத்துக்கு ஒருமுறை என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தவறுதலாக நாள்தோறும் போட்டுக்கொண்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போயிருக்கிறது. ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும். நாள்தோறும் போடும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் இதை வைக்கக் கூடாது. இதோடு சேர்த்துத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் இதைப் போலவே சிறியதாக, மஞ்சளாக இருக்கும். பார்வை மங்கிய முதியவர்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுவது எளிது. வீட்டில் வேறொருவர் பிரித்து எடுத்துக் கொடுப்பது நல்லது. கடையில் அட்டையை வாங்கியதும் மாத்திரை எத்தனை மி.கி. என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; போன மாதம் 5 மி.கி. கொடுத்தவர் இந்த மாதம் 10 மி.கி. கொடுத்திருக்கலாம்.

மருந்தின் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை ஒன்றும் பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் போடலாம். அப்போதும் தாங்கவில்லை என்றால் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றித் தர மருத்துவரைக் கேட்கலாம். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க, தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். மதுவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. சிறுநீர்த் தொற்றுக்குப் பரவலாக எழுதித் தரப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி இதோடு சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். எனவே எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, தோலில் காரணமற்ற கன்றல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதனோடு சேர்த்தோ இதற்குப் பதிலாகவோ ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைடு ஆகியவை தரப்படுவதுண்டு. முதலாவதை எடுப்பவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தொடக்கத்திலும், பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஸ்டீராய்டைப் பற்றி இரண்டு தீவிரமான கருத்துகள் உலவுகின்றன. அதைத் தொடவே கூடாது என்பது ஒன்று, அதுவன்றி வேறொன்றும் கேட்பதில்லை என்பது மற்றொன்று. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது படுக்கையில் கிடந்த நோயாளிகள் சில நாள்களில் எழுந்து நடந்தார்கள்; 1950-இல் அதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதை நெடுநாள் கொடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தொற்றுகள் எளிதில் பற்றும் என்பது பின்னர் தெரிந்தது. இன்று மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கும் வரையிலான இடைக்காலத்துக்குக் குறைந்த அளவில் கொடுத்து, இயன்றால் மூன்று மாதங்களுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே முறை. சில வாரங்கள் எடுத்தவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கவும் கூடும் என்பதால், குறைப்பது மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

மூன்று மாதங்களில் நல்ல மாற்றமோ ஆறு மாதங்களில் நோய் அடங்கிய நிலையோ வராவிட்டால் சிகிச்சையை மாற்ற வேண்டும். பழைய மருந்துச் சீட்டையே திரும்பத் திரும்பக் காட்டி வாங்கிக்கொண்டிருப்பது சிகிச்சை ஆகாது. அடுத்த கட்டத்தில் அடலிமுமாப், எட்டனர்செப்ட், ரிட்டுக்சிமாப் போன்ற, ஊசியாகப் போடப்படும் உயிரியல் மருந்துகளும், டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் உள்ளன. இவற்றைத் தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்க்காமல் விடவே கூடாது, ஏனெனில் நம் நாட்டில் பலரின் உடம்பில் அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தியை இம்மருந்துகள் தணித்ததும் அது எழுந்துகொள்ளும். ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் தேவை. நிமோனியா, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

நோய் அடங்கிய பிறகு வருவது இன்னொரு சோதனை. வலி இல்லை, வீக்கம் இல்லை, இனி மருந்து எதற்கு என்று தோன்றும். மருந்து வேலை செய்வதால்தான் வலி இல்லை. தாமாக நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நோய் திரும்புகிறது. அளவைக் குறைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பேசாமல் நிறுத்தக் கூடாது.

பெயர் ஒட்டப்படாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளையும் உருண்டைகளையும் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று சொல்லப்படும் இத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும், சிலவற்றில் ஈயம், பாதரசம் இருப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. முகம் உருண்டு, வயிற்றுத் தோலில் செந்நிறக் கோடுகள் விழுந்த பிறகுதான் பலர் உண்மையை அறிகிறார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவம் எடுக்க விரும்புபவர்கள் பட்டம் பெற்ற மருத்துவரிடம், மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, இரு மருத்துவர்களும் அறிய எடுக்க வேண்டும். நோயை அடக்கும் மருந்தை அதற்காக நிறுத்தக் கூடாது.

அடுப்படியிலும் வீட்டிலும் கைகளைக் காப்பது

மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்வார். ஒரு நாளில் நூறு முறை கையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. வீங்கிய சிறு மூட்டுக்குப் பதிலாகப் பெரிய மூட்டைப் பயன்படுத்துவது, ஒரு கைக்குப் பதிலாக இரு கைகளைப் பயன்படுத்துவது, விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளும் விசையைத் தவிர்ப்பது, ஒன்றை நெடுநேரம் இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது ஆகியவையே அடிப்படை.

நம் சமையலறையில் கைக்கு மிகக் கேடு விளைவிப்பது இடுக்கி. சூடான, கனமான பாத்திரத்தின் முழு எடையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள பிடியில் தொங்குகிறது. அதற்குப் பதிலாக இருபுறமும் காது வைத்த பாத்திரங்களை வாங்கி, தடித்த துணியைப் பிடித்து இரு கைகளாலும் தூக்கலாம். தூக்காமல் மேடையின் மேலேயே இழுத்து நகர்த்த முடியுமானால் இன்னும் நல்லது. பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பது மணிக்கட்டை முறுக்கும் வேலை. குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துவிடலாம். தேங்காயைத் துருவுவதற்குப் பதில் கீறிப் பல்லாக்கி மிக்சியில் அடிக்கலாம், கீறும் வேலையை வேறொருவர் செய்தால் நல்லது. கத்தியின் கைப்பிடியில் பழைய துணியையோ சைக்கிள் டியூபையோ சுற்றித் தடிமனாக்கினால் விரல்களை அவ்வளவு மடக்க வேண்டியிருக்காது. கரண்டி, பேனா, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யலாம்.

இறுகிய டப்பா மூடியைத் திறக்கும்போது விரல்களால் பற்றாமல், உள்ளங்கையை மூடியின் மேல் பதித்து, தோளிலிருந்து விசையைக் கொடுத்துத் திருக வேண்டும். திறக்க வலது கையையும் மூட இடது கையையும் பயன்படுத்தினால், விசை ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் பக்கமாகவே போகும். விரல்கள் வெளிப்புறம் சாய்வதை இது தூண்டாது. துணியைக் கைகளால் முறுக்கிப் பிழியாமல், குழாயில் சுற்றி இழுத்தோ, நீர் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டோ உலர்த்தலாம். திருகுக் குழாய்களை நெம்புகோல் குழாய்களாக மாற்ற ஆகும் செலவு பெரிதல்ல. முழங்கையாலேயே திறந்து மூடலாம். காய்கறிப் பையை விரல்களில் மாட்டாமல் முன்கையிலோ தோளிலோ மாட்ட வேண்டும். ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு சிறு பாத்திரங்களில் தண்ணீர் எடுக்கலாம்.

தரையிலிருந்து எழுவது முழங்காலையும் மணிக்கட்டையும் ஒருசேரச் சோதிக்கும். அரிவாள்மனையை விட்டு மேசைக்கு மாறுவதும், உயரமான நாற்காலியும், கழிப்பறையில் உட்காரும் கோப்பையும் வசதி மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. நாற்காலியிலிருந்து எழும்போது விரல் முட்டிகளை ஊன்றாமல் உள்ளங்கையை ஊன்ற வேண்டும்.

விறைப்பு காலையில்தான் மிகுதி என்பதால் காலை வேலைகளை முந்திய மாலைக்கு மாற்றிவிடுவது பெரிய உதவி. காய் நறுக்குவதும் பள்ளிச் சீருடை எடுத்து வைப்பதும் இரவே முடிந்துவிட்டால், காலையில் வெந்நீரில் பத்து நிமிடம் கைகளை அமிழ்த்தி விரல்களை மெல்ல மடக்கி நீட்ட நேரம் கிடைக்கும். அந்த வேலைகளில் ஒரு பங்கைக் கணவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வதைவிட நல்ல மூட்டுப் பாதுகாப்பு வேறில்லை. நோயாளி வெளியே பார்க்க நன்றாகவே தெரிவார். மத்தியானம் எழுந்து நடமாடினாரே, காலையில் மட்டும் என்ன என்று கேட்பவர்களுக்கு, நாளுக்கு நாளும் வேளைக்கு வேளையும் மாறுவதே இந்நோயின் இயல்பு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். மனச்சோர்வும் இந்நோயோடு அடிக்கடி வருகிறது. அதற்கும் மருத்துவ உதவி உண்டு.

உடற்பயிற்சியும் உணவும்

வலிக்கிறது என்று மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் தசை மெலிந்து மூட்டு இறுகிவிடும். கொதிக்கும் வீக்கம் உள்ள நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும், மெதுவாக ஒருசில முறை முழு அளவுக்கு மடக்கி நீட்டுவதும் போதும். அடங்கிய நாள்களில் நடை, சைக்கிள், நீச்சல் ஆகியவற்றோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் செய்ய வேண்டும். பயிற்சிக்குப் பின் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று கொண்டு அடுத்த நாள் குறைக்கலாம். யோகாசனம் செய்பவர்கள் மணிக்கட்டில் உடல் எடையைத் தாங்கும் நிலைகளையும், கழுத்தை அழுத்தும் சிரசாசனம், சர்வாங்காசனம் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும்.

உணவைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு வேறெதைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. ஆனால் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, புளி, தயிர் ஆகியவற்றை எல்லோரும் விலக்க வேண்டும் என்பதற்குச் சான்று இல்லை. ஏதேனும் ஒன்று தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பத் திரும்பக் கண்டால் அதை மட்டும் தவிர்க்கலாம். எல்லாவற்றையும் விலக்கி மெலிந்துபோவது எலும்புக்கும் இரத்தத்துக்கும் கெடுதல். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் அழற்சியைச் சிறிதளவு தணிக்க உதவும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கேழ்வரகு, பால், கீரை வழியாகச் சுண்ணாம்புச் சத்தும், மருத்துவர் சொல்லும் வைட்டமின் டி-யும் தேவை. முடக்கத்தான் தோசையும் ரசமும் தாராளமாகச் சாப்பிடலாம். உணவாகச் சாப்பிடலாம், மருந்துக்கு மாற்றாக அல்ல. உடல் எடை கூடியிருந்தால் குறைப்பது முழங்காலுக்கும் பாதத்துக்கும் நேரடி ஆறுதல்.

மகப்பேறு, அவசரநிலை, அறுவை சிகிச்சை

முடக்குவாதம் உள்ள பெண்கள் பிள்ளை பெறலாம். ஆனால் திட்டமிட்டுப் பெற வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைடும் கருவுக்குப் பெருந்தீங்கு செய்பவை. கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லி, ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற பாதுகாப்பான மருந்துகளுக்கு மாறி, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணியும். பிரசவத்துக்குப் பின் மீண்டும் கிளம்பும். கைக்குழந்தையைத் தூக்கக்கூட முடியாத அந்த மாதங்களுக்கு வீட்டில் துணை இருக்கும்படி முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால், அது நோயின் ஏற்றம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண் சிவந்து ஆழமாக வலித்தாலும் அப்படியே. உயிரியல் மருந்து எடுப்பவர்கள் காய்ச்சல் இருக்கும்போது அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல்முனையில் உள்ள முதல் இரு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். பிடரியில் வலி, கைகளில் மதமதப்பு, நடையில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் இராது. மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்கள் என்பதால், கண்புரையோ குடலிறக்கமோ பல்லோ, எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், தமக்கு முடக்குவாதம் இருப்பதை மயக்க மருந்து நிபுணரிடம் நேரில் சொல்லி, கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.